நொயேல் எந்தப் பக்கம்

கொர்பசோல்,
14 செப்டம்பர் 2014

அன்புத் தங்கை ஓடிலுக்கு,

அண்ணன் ரெஜிஸ் எழுதுவது. நான் இருக்கிறேன். இடுப்புதான் இருக்கவா போகவா என்று தினமும் காலையில் கேட்கிறது. மாடுகள் பன்னிரண்டும் சுகம். உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் மாத்திரை போட மறப்பது உன் ஒருத்தியிடம்தான் பார்த்தேன். போன் செய்யச் சொல்லி எழுதாதே. பால் கறக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்பது வருஷம் நின்ற காது இது. போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள் மாட்டிய ஈ மாதிரிதான் கேட்கிறது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து ஆறே கிலோமீட்டரில், வெர்னூஸில், பழைய பெண்கள் பள்ளிக்கூடத்தை இடித்துக் கட்டி, நொயேல் மாதிரி மனசு குழந்தையாகவே நின்றுவிட்டவர்களுக்கு ஓர் இல்லம் திறக்கிறார்கள். பதினெட்டுப் பேருக்கு இடம். சன்னலைத் திறந்தால் மாடு தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை அவனை நான் வீட்டுக்குக் கூட்டி வரலாம். ஐந்து வருஷமாக உன் லியோன் நகரத்து இல்லத்தில் நாலாவது மாடியில் உட்கார்ந்து பஸ் எண்ணிக்கொண்டிருக்கிறான் நம் தம்பி. எனக்கு அறுபத்திரண்டு முடிந்துவிட்டது. நான் கண்ணை மூடுவதற்குள் அவன் நம் மலைக்குத் திரும்பிவிட வேண்டும். இதைவிட்டால் எனக்கு வேறு ஆசை கிடையாது.

இப்போது கெட்டதைக் கேள். ஜனவரி முதல் தேதியிலிருந்து லியோனும் அதை ஒட்டிய ஊர்களும் நம் ரோன் மாவட்டத்தைவிட்டுத் தனிக்குடித்தனம் போகின்றன அல்லவா? ரோடு, பள்ளிக்கூடம், கிழடுகள், நொயேல் போன்றவர்கள் எல்லாரையும் இந்தப் பங்கு அந்தப் பங்கு என்று பிரிக்கிறார்கள். நொயேல் நகரத்துப் பங்கில் விழுந்துவிட்டான். வெர்னூஸ் இல்லமோ மாவட்டத்து ஆட்களுக்கு மட்டும்.

மேயர் ஆபீஸ் மதாம் தோலே காகிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "இல்லத்துல சேர்றதுக்கு முன்னாடி மூணு மாசம் எந்த வீட்ல இருந்தாரோ, அந்த ஊர் ஆளுதான் மொசியே ரெஜிஸ். உங்க தங்கச்சி வீட்ல இருந்தார்னு எழுதியிருக்கு."

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்தபோது நீ அவனை ஐந்து மாதம் வைத்துக் காப்பாற்றினாயே, அதுதான் இன்று அவன் காலில் விலங்கு. மார்ச் 31-க்குள் மனு போட வேண்டும். ஏதாவது வழி இருக்கிறதா, யோசித்து எழுது.

உன் அண்ணன்,
ரெஜிஸ்

லியோன்,
9 அக்டோபர் 2014

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஓடில் வணக்கமாக எழுதுவது. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். கடையில் தடுப்பூசிக் கூட்டம். ரத்தக்கொதிப்பு என் சொல் கேட்கிறது. உங்கள் இடுப்புக்கு ஒரு களிம்பு தனியாக அனுப்பியிருக்கிறேன். வாசனை பிடிக்காவிட்டாலும் தடவுங்கள்.

வெர்னூஸ் செய்தி கேட்டு மகிழ்ச்சி. ஆனால் அண்ணா, நொயேலுக்கு இங்கே என்ன குறை? நீச்சல் குளம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மண்பாண்டம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. பழகிய சுவரிலிருந்து பெயர்த்தால் தாங்குவானா? புது இல்லத்தில் யார் எப்படியோ.

கோப்பில் எழுதியிருப்பதை நாம் என்ன செய்ய முடியும்? எழுதியது எழுதியதுதான். அதைக் கிளறப்போய் இருக்கிற இடமும் போய்விட்டால்? மதாம் தோலே நல்லவர்தான், ஆனால் சின்ன ஊர் ஆபீஸில் எல்லாமும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாதே.

இங்கே மழை விடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
ஓடில்

கொர்பசோல்,
19 அக்டோபர் 2014

அன்புத் தங்கைக்கு,

களிம்பு வந்தது. தடவினேன். நாய் இரண்டு நாள் என் பக்கம் வரவில்லை. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை லியோனுக்கு வந்தேன். உன் கடைக்கு வந்தால் நீ மதியம் விடுப்பு என்றார்கள். மாவட்ட ஆபீஸுக்குப் போனேன். வேடிக்கையைக் கேள். மாவட்டத்தின் தலைமை ஆபீஸ் ஜனவரிக்குப் பிறகும் லியோனிலேயே இருக்குமாம். லியோன் நம் மாவட்டத்தில் இருக்காது, ஆனால் நம் மாவட்டத்தின் தலை லியோனில் இருக்கும். கவுன்ட்டரில் ஒரு பெண், பாவம், கண்ணில் தூக்கமே இல்லை.

"அப்போ என் மாவட்டத்தைப் பாக்க நான் அடுத்தவன் ஊருக்கு வரணுமாம்மா?" என்றேன்.

"ஐயா, நானே ஜனவரியிலேர்ந்து எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லலை. என் நாற்காலி நகரத்துக்கு, என் மேஜை மாவட்டத்துக்குன்னு ஆனாலும் ஆச்சரியமில்லை" என்று சிரித்தாள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான் நம் மாவட்டம். பணக்கார வீட்டுப் பிள்ளை பெரிய வீட்டை எடுத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகையைப் பெற்றவர்களுக்கு விட்டதுபோல. வண்டி நம்பரில் மட்டும் இரண்டு பேருக்கும் அதே பழைய மாவட்ட எண், அறுபத்தொன்பது.

பிறகு நொயேலைப் பார்த்தேன். "வெர்னூஸ் வர்றியாடா?" என்றேன். "மாடு இருக்குமா?" என்றான். இருக்கும் என்றதும் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றுவிட்டான். இன்று இல்லை என்று புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்டேன். "தண்ணி காதுல போகுது" என்கிறான்.

ஓடிலக்கா வீட்டில் இருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "படிக்கட்டு. அப்புறம் பஸ்" என்கிறான். அவ்வளவுதான் அவனுக்கு. ஐந்து மாதம் ஊட்டி வளர்த்தவளை இரண்டு சொல்லில் முடிக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றி கெட்டவனே என்று திட்டினேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவன் மனசு அவ்வளவுதான்.

நீ செய்த நல்லது அவனுக்கே கெடுதலாக வந்து நிற்கிறதே என்றுதான் எனக்கு ஆற்றாமை. வழி யோசி.

அண்ணன்,
ரெஜிஸ்

லியோன்,
10 டிசம்பர் 2014

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். இரண்டு மாதமாக எழுதவில்லை, உங்களுக்குக் கோபம் இருக்கும். எட்டாம் தேதி மாதாவின் விளக்குத் திருநாளுக்கு எல்லாரையும் போல நானும் சன்னலில் விளக்கு வரிசை வைத்தேன். என் புருஷன் எர்வே என்னைவிட்டுப் போனதற்குப் பிறகு இது மூன்றாவது வருஷம். நாலு மாடிப் படியேறி வந்து தனியாக விளக்கு வைப்பதில் என்ன இருக்கிறது சொல்லுங்கள். இருந்தாலும் வைத்தேன்.

இல்லத்தின் தலைவியிடம் பேசினேன். இடம் மாறினால் நொயேல் சாப்பிடாமல் கிடப்பான், தூங்கமாட்டான் என்று பயப்படுகிறார். நானும் அதையே நினைக்கிறேன். வெர்னூஸில் டாக்டர் எத்தனை தூரம்? குளிரில் உங்கள் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறுமா? யோசியுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு அவனை உங்களிடம் கூட்டிப்போகும்போது கம்பளிக் காலுறை மறக்க வேண்டாம். நான் இந்த வருஷம் வர முடியாது. கடையில் ஆள் இல்லை.

தங்கை,
ஓடில்

கொர்பசோல்,
4 ஜனவரி 2015

அன்புத் தங்கைக்கு,

புது வருஷம் உனக்கு நல்லது செய்யட்டும். எனக்குச் செய்யவில்லை. மூன்று நாளாகிறது, கோடு போட்டாகிவிட்டது. உன் வீடும் என் வீடும் இப்போது வேறு வேறு. நேற்று நொயேலைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். சாலையில் எல்லையில் ஒன்றும் இல்லை. ஒரு கல்கூட இல்லை. அந்தப் பக்கத்துப் பனியும் இந்தப் பக்கத்துப் பனியும் ஒன்றுதான். இல்லத்து வாசலில் அவன் என் கைப்பிடியை விடவில்லை. நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். நான் வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயதில் அழுவதை யாரும் பார்க்காமல் இருக்க வைப்பரைப் போட்டுவிட்டேன், மழையே இல்லை.

இப்போது கேட்கிறேன், கோபப்படாதே. மதாம் தோலே ஒரு வழி சொன்னாள். "உங்க தங்கச்சி அன்னிக்கி எழுதிக் கொடுத்ததை அவங்களே வாபஸ் வாங்கினா போதும். என் வீட்ல அவன் மூணு மாசம் இருக்கலைன்னு ஒரே ஒரு வரி. அப்புறம் அவர் நம்மாளு."

பொய்தான். நீ ஐந்து மாதம் வைத்திருந்தாய் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் கேட்கிறேன். ஒரு வரிப் பொய். பாவம் என் கணக்கில் போகட்டும், பாதிரியாரிடம் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். உன் நல்ல பெயருக்கு ஒரு கீறலும் வராமல் நான் பார்த்துக்கொள்வேன். நீ அவனை வைத்திருந்தது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அது போதாதா? நொயேலுக்காகக் கையெழுத்துப் போடு.

அண்ணன்,
ரெஜிஸ்

லியோன்,
8 பிப்ரவரி 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடல்நலம் பரவாயில்லை. நீங்கள் பனியில் வெளியே போகும்போது கைத்தடி இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டு யோசித்தேன். என்னால் முடியாது அண்ணா. அரசாங்கக் காகிதத்தில் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. அப்பா நமக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

நொயேல் இங்கேயே இருக்கட்டும். நான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்கிறேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை,
ஓடில்

கொர்பசோல்,
15 பிப்ரவரி 2015

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? உன் கடிதம் படித்து வெட்கப்பட்டேன். நீ சொல்வது சரி. உன்னைப் போன்ற நேர்மையான பிறவியிடம் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. முட்டாள் அண்ணன், பாசம் கண்ணை மறைத்துவிட்டது, மன்னித்துவிடு.

அம்மாவின் வால்நட் தோப்பை உன் பெயருக்கு எழுதிக்கொடுத்தபோது, தம்பியை வைத்துக் காப்பாற்றியதற்கு இது ஈடாகுமா என்று நினைத்தேன். ஈடாகாது என்று இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது. அதை நீ விற்றதில் எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. அதுவும் இன்றோடு போயிற்று.

பொய் வேண்டாம். நேர் வழியில் முட்டிப் பார்க்கிறேன். மதாம் தோலே மேல்முறையீடு எழுதுகிறாள். அதற்காக நொயேலின் கோப்பு முழுவதும் நகல் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இந்த வாரம் பலகாரம் சுட்டேன். அம்மா மாதிரி வரவில்லை, கல்லாய்ப் போயிற்று. நொயேலுக்கு எடுத்துப்போனேன், பதினான்கு தின்றான்.

அண்ணன்,
ரெஜிஸ்

கொர்பசோல்,
17 மார்ச் 2015

ஓடில்,

நகல் நேற்று வந்தது.

உன் கையெழுத்து. உன் மை. "என் தம்பி நொயேல் 2009 ஜனவரி முதல் தேதியிலிருந்து என் வீட்டில் என்னோடு வசிக்கிறான்." தேதி: மே 23. அவன் இல்லத்தில் சேர்ந்த தேதி: மே 23.

என் மேல் டிராக்டர் புரண்டது மே 14. அன்று காலைவரை அவன் என்னோடு தொழுவத்தில் நின்றான். ஜனவரியில் நாம் பன்றி அறுத்த அன்று ரத்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நீயும்தான் வந்திருந்தாய், எர்வேயும் வந்திருந்தான், தொடைக்கறி எடுத்துக்கொண்டு போனீர்கள். மே 14-க்கும் மே 23-க்கும் நடுவில் எத்தனை நாள் என்று விரலை விட்டு எண்ணினேன். ஒன்பது. நீ அவனை வைத்திருந்தது ஒன்பது நாள்.

தாடையைக் கம்பியால் கட்டிப் போட்டிருந்த என் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஞாயிறு ஞாயிறு வந்து, "நொயேல் வீட்ல டிவி பாத்துக்கிட்டிருக்கான் அண்ணா, உங்களைக் கேட்டான்" என்பாயே. அப்போது அவன் எங்கே இருந்தான்?

உன் மீது எனக்கு இருக்கிற ஆத்திரத்தைவிட என் மீது இருப்பது பெரிது. ஏன் தெரியுமா? அவன் என்னிடம் சொன்னான். ஐந்து வருஷமாகச் சொன்னான். "ஓடிலக்கா வீட்ல ஒன்பது தூக்கம்தான்" என்பான். பொய் சொல்லாதே என்று அதட்டுவேன். ஒரு தடவை அறைந்தேன். அறைந்தேன், ஓடில். வருஷா வருஷம் அவன் கையைப் பிடித்து, "என்னை உன் வீட்டில் வைத்துக்கொண்டதற்கு நன்றி அக்கா" என்று புதுவருஷ அட்டை எழுத வைத்தேன். எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே போடுவான். எடுத்துக் கொடுத்து எழுத வைத்தேன். அந்த அட்டை ஐந்தும் உன்னிடம் வந்தது. நீ "தம்பிக்கு முத்தம்" என்று பதில் போட்டாய்.

ஜனவரியில் நான் உன்னிடம் கேட்டது பொய் அல்ல. உண்மையைப் பொய் என்று நினைத்துக் கேட்டேன். நீ அது உண்மை என்று தெரிந்தே, பொய் சொல்ல மாட்டேன் என்று எனக்கு நேர்மைப் பாடம் நடத்தினாய்.

மதாம் தோலே ஊர் சான்றிதழ் எழுதிவிட்டாள். அது மட்டும் போதாதாம், எழுதிக் கொடுத்தவளே அதை ரத்து செய்ய வேண்டுமாம். கடைசி நாள் மார்ச் 31. ஒரு வரி. உடனே அனுப்பு. உன்னிடம் இதைத் தவிர எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

ரெஜிஸ்

லியோன்,
1 ஏப்ரல் 2015

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இதோடு அந்தக் காகிதம் இருக்கிறது. நான் எழுதியது பொய், நொயேல் அதுவரை கொர்பசோலில் உங்களோடுதான் இருந்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் கடிதம் பத்தொன்பதாம் தேதி கிடைத்தது. அன்றைக்கே எழுதிவிட்டேன். பன்னிரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். பயம். ஒரே கோப்பில் என் கையெழுத்து இரண்டு இருக்கும், ஒன்றை ஒன்று பொய் என்று சொல்லும். வழக்கு வருமா, வேலை போகுமா என்ற பயம். தேதி முடிந்துவிட்டது என்று தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். நான்காம் நாள் அவன் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டான். கீழ்வீட்டுக் கூரை ஊறி விழுந்தது. நீங்கள் எங்கே என்று விடாமல் அழுதான். எர்வே சமையலறை வாசலில் நின்று சொன்னார்: "இந்த வீட்ல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே முடிவு பண்ணு." முடிவு பண்ணினேன். யாருக்காகப் பண்ணினேனோ அவரும் மூன்று வருஷத்தில் போய்விட்டார்.

இல்லத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நகரத்தில் குடும்பத்தோடு குறைந்தது மூன்று மாதம் இருந்தவர்களுக்குத்தான் முதலில் தருவோம் என்றார்கள். ஜனவரி என்று எழுதினேன். அப்போது நகரமும் நம் மலையும் ஒரே மாவட்டம் அண்ணா. எந்த அறையில் படுத்தால் என்ன, எல்லாம் ஒரே வீடுதானே என்று நினைத்தேன். அந்தத் தேதி யாரையும் என்றைக்கும் கடிக்காது என்று நினைத்தேன்.

உங்களிடம் மறுநாளே சொல்லத்தான் வந்தேன். நீங்கள் பேச முடியாமல் என் கையைப் பிடித்து முத்தமிட்டீர்கள். தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற நன்றியில்தான் அப்படிச் செய்தீர்கள். வாயில் வந்தது உள்ளே போய்விட்டது. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஐந்து மாதம் அப்படித்தான் ஆயிற்று.

ஜனவரியில் நீங்கள் அந்த ஒரு வரியைக் கேட்டபோது போட்டிருந்தால், நீங்கள் என்னைத் தியாகி என்று நினைத்திருப்பீர்கள். தப்பிக்க வழியும் வைத்துத்தான் கேட்டீர்கள். அதையும் பயந்து மிதித்தேன். நொயேலின் அட்டைகளை நான் முதல் வருஷம்தான் பிரித்தேன். மற்றவை உறையோடு இருக்கின்றன.

ஓடில்

கொர்பசோல்,
20 ஏப்ரல் 2015

ஓடிலுக்கு,

காகிதம் கிடைத்தது. மதாம் தோலே அதைத் தபாலில் போட மனம் வராமல் தானே பஸ் ஏறி லியோனுக்குக் கொண்டுபோனாள். அந்தக் கண்ணில் தூக்கமில்லாத பெண் மாவட்டத்துக்கே வந்துவிட்டாளாம், மேஜையோடும் நாற்காலியோடும்.

"மதாம், காகிதம் சரி. இன்னிக்கியே மாத்திடறேன். இனிமே அவர் உங்க ஆளுதான், நகரத்துக்கு அவரைப் பத்திப் பேச்சே கிடையாது" என்றாளாம்.

"அப்போ வெர்னூஸ்?"

"பதினெட்டு இடமும் முப்பத்தொண்ணாம் தேதியோட நிரம்பிடுச்சு மதாம். காத்திருக்கிற பட்டியல்ல போடறேன். அவர் பதினொண்ணாவது ஆளு."

"பதினொண்ணாவது ஆளு உள்ள போகணும்னா?"

அந்தப் பெண் கோப்பை மூடி வைத்தாளாம். அங்கே சேர்கிறவர்கள் எல்லாம் நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள். பதினொரு பேர் செத்தால் என் தம்பிக்கு இடம். அதுவரை நான் இருக்க வேண்டும். வழக்கெல்லாம் உன் மேல் யாரும் போடவில்லை. யாருக்கும் அதற்கு நேரம் இல்லை. உன் பயமும் வீண்.

இடம் தயாராக இருந்தது. அவன் பெயர் எழுத வேண்டியதுதான் பாக்கி. ஆறு வருஷம் முன்பு நீ செய்ததை மன்னிக்கலாம், ஒரு பெண்பிள்ளை, புருஷன் மிரட்டினான், பயந்தாய். இந்தப் பன்னிரண்டு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் ஒரு முடிவு செய்துவிட்டேன். மே மாதம் அவனைக் கூட்டி வந்துவிடுகிறேன். எப்படிச் சமாளிப்பேன் என்று டாக்டர் கேட்டார், தெரியாது என்றேன். உன் அனுமதி தேவையில்லை. பொறுப்பாளன் நான்.

ரெஜிஸ்

லியோன்,
23 ஆகஸ்ட் 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மதாம் தோலேக்குப் போன் செய்தேன். "அவங்க ரெண்டு பேரும் இருக்காங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 13 ஞாயிறு எனக்கு விடுப்பு. வரலாமா? நொயேலுக்குப் பிடித்த சிவப்பு பாதாம் மிட்டாய் போட்ட டார்ட் பலகாரம் வாங்கி வருகிறேன். உங்களுக்குச் சமைத்து வைக்கிறேன், துணி துவைத்துப் போடுகிறேன், மாலை பஸ்ஸில் போய்விடுகிறேன். வாசலில் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும் அண்ணா. அவன் என்னைக் கேட்கிறானா?

உங்கள் தங்கை,
ஓடில்

கொர்பசோல்,
30 ஆகஸ்ட் 2015

ஓடிலுக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்பது வழக்கம். கேட்கிறேன். என்னுடையதைக் கேட்டால், கைத்தடி ஒன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. ஏழு மாடுகளை விற்றுவிட்டேன். ஐந்து இருக்கின்றன. அவனைக் குளிப்பாட்ட நான் முட்டி போட்டால் எழுந்திருக்க அவன்தான் தூக்கிவிட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் வருகிறது. இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. எனக்கு அடுத்து அவன் எங்கே என்பதும் தெரியாது. பட்டியலில் அவன் இன்னும் பதினொன்று.

அவன் சாப்பிடுகிறான். தூங்குகிறான். மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், விற்றுப்போன ஏழு மாடுகளையும் சேர்த்து. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறுமா என்று கேட்டிருந்தாய். ஜூலையில் எனக்காக ஏறிற்று. ஏறும்.

பதின்மூன்றாம் தேதி வராதே. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் எனக்கு இருக்கிறது, அது வேறு. காரணம் சொல்கிறேன். முற்றத்தில் ஏதாவது கார் வந்து நின்றால், பால் வண்டியாக இருந்தாலும், தபால்காரனாக இருந்தாலும், அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போய் வைக்கோல் போருக்குள் செருகிவிடுகிறான். காலுறையோடு சேற்றில் நிற்கிறான். ஏன்டா என்று கேட்டேன். "பூட்ஸ் இல்லாதவனை யாரும் கூட்டிக்கிட்டுப் போக மாட்டாங்க" என்றான்.

நீ கேட்டதற்குப் பதில்: கேட்கிறான். தினமும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகக் கேட்கிறான். "ஓடிலக்கா இன்னிக்கி வருமா?" என்கிறான். வராது என்று நான் சொன்ன பிறகுதான் பூட்ஸைப் போடுகிறான்.

ரெஜிஸ்